திறப்புக் குழு புதன்கிழமை கூடும்

இராமநாதபுரத்தில் இயங்கிவரும் கடலோர ஆவணக் குளிர்காப்பு வாரியம் தோன்றி ஆறாண்டுகள் ஆகின்றன. இந்த ஆறாண்டுகளில் வாரியத்தின் பொறுப்பிலுள்ள ஆவணங்களுள் ஒன்றேனும் தொலைந்ததில்லை. ஒன்றேனும் திரும்பக் கேட்கப்பட்டதுமில்லை. முதற்செய்தி வாரியத்தின் முகப்பிலுள்ள பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டாவதைப் பொறிக்கக் கல்லில் இடமில்லை.

மே மாதம் இருபதாம் நாள், புதன்கிழமை, தொண்டியிலிருந்து பேருந்தேறி வந்த சுஐபு என்னும் விசைப்படகு உரிமையாளர், தம்முடைய படகின் பதிவுச் சான்றைத் திரும்பக் கேட்டார்.

முகப்பில் அமர்ந்திருந்த எழுத்தர் பானுப்பிரியா அவர் நீட்டிய ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உங்க சான்று பத்திரமா இருக்குங்கய்யா."

"சந்தோசம்மா. குடுங்க."

"பத்திரமா இருக்குன்னு சொல்றேன்ல?"

"அதான் நானும் சொல்றேன். பத்திரமா இருக்கறதக் குடுங்க. அடுத்த மாசம் பத்தாந்தேதி மீன்துறையில படகாய்வுக்கு வாராங்க. சான்றக் காட்டலேன்னா மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சாலும் படகு கடலுக்குப் போக முடியாது. ஆறு குடும்பம் அந்தப் படக நம்பிக் கிடக்கு."

பானுப்பிரியா ஒப்புகைச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் பெற்றுக்கொண்டமைக்கு ஒரு கட்டம் இருந்தது. திருப்பிக் கொடுத்தமைக்குக் கட்டம் இல்லை.

நான்காண்டுகளுக்கு முன்னர், 'காகிதமில்லாக் கடற்கரை' என்னும் திட்டத்தின்கீழ், வாரியத்தார் தொண்டியில் முகாமிட்டுப் படகுகளின் அசல் சான்றுகளையெல்லாம் வாங்கிச் சென்றனர். அவற்றைப் படமெடுத்துக் குளிர்காப்பில் இட்டனர். பின்னர், பத்திரமாகிவிட்ட பொருளுக்கு இரண்டாவது இருப்பிடம் எதற்கு என்று அசல்களைக் கூழாக்கினர். கூழாக்கிய நாளில் எல்லாருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. சுஐபும் ஒரு லட்டு தின்றவர்தாம்.

குளிர்காப்பு என்பது யாதெனில், அடிக்கடி வேண்டாத கோப்புகளைக் குறைந்த வாடகைக்குத் தொலைதூரக் கணினிகளில் உறங்க வைப்பதாகும். பெயரிற் குளிர் இருப்பினும் அங்கே பனிக்கட்டி ஏதுமில்லை. உறங்கும் கோப்பை எழுப்புவதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எழுந்து வர இரண்டு நாளாகும். எழுந்து வந்த படி மூன்று நாள் மட்டும் விழித்திருந்து மறைந்துபோகும்; மீண்டும் வேண்டுமாயின் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வேற்பாட்டில் குறையொன்றுமில்லை. எழுப்பத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடே.

"அப்படின்னா ஒண்ணு செய்யிங்கம்மா," என்றார் சுஐபு. "தொலைஞ்சு போச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதக் காட்டி மீன்துறையில நகல் வாங்கிக்கிறேன்."

பானுப்பிரியா திடுக்கிட்டார். "தொலையவே இல்லையேங்கய்யா! பத்திரமா இருக்கறதத் தொலைஞ்சதுன்னு எழுதினா அது பொய்ச்சான்று. என் வேலையே போயிரும்."

"இல்லைன்னும் சொல்ல மாட்டீக; எடுத்தும் தர மாட்டீக."

"நீங்க உக்காருங்கய்யா."

"நான் உக்கார வரலம்மா," என்ற சுஐபு, அன்று மாலைவரை உட்காரவும் இல்லை. முகப்புக்கும் வாயிலுக்கும் இடையே நடந்தவண்ணம் இருந்தார். ஆறாண்டுகளில் எவரும் நடந்திராத அப்பகுதியின் தரையில் ஒரு தடம் தெரிந்தது.

செய்தி மாடிக்குச் சென்றது. வாரியத் தலைவர் அருள்முருகன் அவசரக் கூட்டம் கூட்டினார். அக்கூட்டத்தில்தான், வாரியம் பயன்படுத்திவந்த 'காப்பான்' என்னும் கருவியில் கோப்பை எழுப்பும் வசதி அறவே இல்லை என்பது முதன்முறையாக அறியப்பட்டது. காப்பானில் மூன்று பொத்தான்கள் இருந்தன. முதலாவது 'சேமி'. இரண்டாவது 'மேலும் சேமி'. மூன்றாவது 'சேமித்ததைச் சேமி'. மூன்றாவது பொத்தானுக்காக வாரியம் விருது பெற்றிருந்தது.

"வருந்துவதற்கு ஒன்றுமில்லை," என்று தலைவர் உரையாற்றினார். "ஒரு பொருளைக் காப்பது என்றால் என்ன? அதைப் பிறர் எடுக்க முடியாதபடி செய்வது. பிறர் எடுக்க முடியாதபடி செய்வோர் நாட்டில் பலர் உளர். உரியவரே எடுக்க முடியாதபடி செய்த வாரியம் நம்முடையது ஒன்றே. ஆயினும், கேட்டுவிட்டார்கள். கேட்டபின் ஒரு பொத்தான் இல்லையென்பது நம் மதிப்புக்கு இழுக்கு. ஆகவே நான்காவது பொத்தான் ஒன்றை ஏற்படுத்துவோம். அதை எவரும் அழுத்த நேராது என்று நம்புவோம்."

கைதட்டல் அடங்கியதும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த திங்கட்கிழமை, நயினார்கோவிலைச் சேர்ந்த நாகேந்திரன் என்னும் இளம்பொறியாளர் ஒரு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார். மதுரையில் ஒரு நிறுவனம் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. முன்னனுபவத்திற்குச் சான்று ஒன்று வேண்டுமென்று மட்டும் கேட்டிருந்தது. நாகேந்திரன் இங்கு வந்தது அச்சான்றின்பொருட்டு. பணி முடிந்தவுடன் தருவதாகத் தலைவர் வாக்களித்தார்.

நாகேந்திரன் புதன்கிழமை காலைக்குள் நான்காவது பொத்தானைப் பொருத்திவிட்டார். பத்து மணிக்குச் சுஐபின் சான்றை எழுப்ப விண்ணப்பமும் அனுப்பினார். மறுமொழி உடனே வந்தது: நாற்பத்தெட்டு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பு எழுந்து வந்தது. சுஐபு அன்று விடியற்காலையிலேயே தொண்டியை விட்டுப் புறப்பட்டு வந்திருந்தார்.

"வந்திருச்சு பாய்," என்றார் நாகேந்திரன்.

"அல்ஹம்துலில்லாஹ்! எங்க தம்பி, காட்டு."

"காட்டறதுக்குத் திறக்கணும். திறக்கறதுக்குக் கடவுச்சொல் வேணும். அதுல முதப் பாதி தலைவர்கிட்ட இருக்கு."

"மத்தப் பாதி?"

"துணைத்தலைவர்கிட்ட."

"ரெண்டு பாதியும் மேல மாடியிலதான இருக்கு? இப்பத்தான் ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுப் போனாக."

"தனித்தனியாத்தான் டீ குடிக்கலாம் பாய். சேர்ந்து கடவுச்சொல் போடணும்னா அதுக்குப் பேரு திறப்புக் குழு. திறப்புக் குழு புதன்கிழமை கூடும்."

சுஐபு விரலை மடக்கி எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை பத்து மணியோடு மூன்று நாளும் தீர்ந்துவிடும். "புதன்கிழமை அது முழிச்சிருக்காதே தம்பி."

நாகேந்திரன் இதையே தலைவரிடம் எழுத்து மூலம் தெரிவித்தார். கோப்பின் வசதிக்காகக் குழு தன் நாளை மாற்றிக்கொள்ளுமாயின், நாளை எல்லாக் கோப்புகளும் அவ்வாறே எதிர்பார்க்கும் என்று விடை வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோப்பு மறைந்தது. அதன் மறைவைப் பானுப்பிரியா பதிவேட்டில், 'சான்று பத்திரமாகத் திரும்பியது' என்று குறித்தார்.

நாகேந்திரன் கணக்கிட்டார். திங்கள் நண்பகலில் விண்ணப்பித்தால் புதன் நண்பகலில் கோப்பு எழும். குழு கூடுவது மூன்று மணிக்கு. இதிற் பிழை நேர வழியில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவர் வாரியத்திற்குப் புதியவர்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் குழு கூடியது. இறைவணக்கம், வரவேற்புரை, முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசித்தல் என்பன முறையே நடந்தன. முந்தைய கூட்டம் என ஒன்று நடந்ததேயில்லை. ஆதலின், ஏன் நடக்கவில்லை என்பது குறித்து ஒரு மணி நேரம் பேசினர். வெளியே தாழ்வாரத்தில் சுஐபு நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நின்றார், தேநீர்த் தட்டு வெளியே வந்தது, மீண்டும் நடந்தார். தொண்டியிலிருந்து அவர் மனைவி மலிகா நான்கு முறை அழைத்தார்.

"கிடைச்சிருச்சா?"

"உள்ள பேசிக்கிட்டிருக்காக."

"அவுக பேசட்டும். குடுத்தாகளா, இல்லையா?"

"குடுத்தா நான் பேச மாட்டேனா புள்ள? வை போன."

ஐந்தே முக்காலுக்குத் துணைத்தலைவர் தம் பாதியை உள்ளிட்டார். தலைவர் தம் பாதியை உள்ளிடுமுன்னர், இது வரலாற்றுச் சிறப்புமிக்க தருணம் என்று தொடங்கினார். தருணம் பதினாறு நிமிடம் நீண்டது. மணி ஆறானது.

காப்பானில் பழைய விதி ஒன்று இருந்தது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு, வாரியக் கணினிகளில் புதிதாகத் தென்படும் கோப்பு எதுவாயினும் அதைக் குளிர்காப்புக்கு அனுப்பிவிட்டு, கணினியிலிருந்து நீக்கிவிடும். சென்ற முறை சான்று தொலைதூரக் கணினியிலேயே விழித்திருந்து மறைந்தது; இம்முறை குழுவுக்காக வாரியக் கணினியில் இறக்கப்பட்டிருந்ததால், காப்பானின் கண்ணுக்கு அதுவும் புதிய கோப்பே. அதனைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் உறங்க வைத்துவிட்டது.

"இப்போது அந்தச் சான்று இரண்டு படிகளாகப் பத்திரமாக இருக்கிறது!" என்று தலைவர் அறிவித்தார். குழு எழுந்து நின்று கைதட்டியது.

நாகேந்திரன் தாழ்வாரத்துக்கு வந்தார். சுஐபின் முகத்தைப் பார்க்க அவரால் இயலவில்லை.

"தம்பி, நீ கரைவலை பாத்திருக்கியா?" என்றார் சுஐபு.

"நான் வயக்காட்டுப் பய பாய். தொலைவுல நின்னு பாத்திருக்கேன்."

"வலையக் கொண்டு போயி வளைச்சு விட்டுட்டு வாரதுக்கு ஒரு வள்ளமும் ஆறேழு பேரும் போதும். கரையில நின்னு இழுக்கத்தான் இருபது முப்பது பேரு வேணும். இங்கன என்னடான்னா விடறதுக்கு நாப்பது பேரு சம்பளத்துக்கு இருக்காக. இழுக்க நீ ஒருத்தன். வலை கடலுக்குள்ள பத்திரமாக் கெடக்குன்னு வாசல்ல கல்லு வேற வெட்டி வச்சிருக்காக."

நாகேந்திரன் சிரிக்க முயன்றார். "அந்த ஆறு மணி விதிய மாத்திரலாம் பாய். ரெண்டு வரிதான்."

"மாத்து."

"விதி மாற்றக் குழு ஆகஸ்டுலதான் கூடுமாம்."

சுஐபு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, ஒண்ணு கேக்கேன். உனக்கு ஒரு சான்று தாரேன்னாகளே, அத வாங்கிட்டியா?"

"வேலை முடிஞ்சதும் தருவாங்க."

"சரித்தான்," என்றார் சுஐபு.

படகாய்வுக்கு ஒரு வாரமே இருந்தது. வியாழக்கிழமை சுஐபு கையால் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கோப்பு திறந்தாலும் அதன் படியை வெளியாருக்குக் கொடுக்க 'மீட்புப் படிவம்' என்றொரு தாள் வேண்டும் என்று மனுவின்மீது குறிப்பெழுதப்பட்டது. படிவம் எங்கே என்று கேட்டபோது, பானுப்பிரியா கணினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அதுவும் பத்திரமா இருக்குங்கய்யா," என்றார். இம்முறை அவர் முகம் மலரவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. திறப்பு விழா நடத்தாமலேயே நான்காவது பொத்தானை அழுத்தியதுதான் இத்தனை இடர்களுக்கும் காரணம் என்று அவர் கண்டறிந்தார். விழாவுக்குச் செவ்வாய்க்கிழமை, ஜூன் ஒன்பதாம் நாள், மாலை நான்கு மணி குறிக்கப்பட்டது. படகாய்வுக்கு முந்தைய நாள். மேடையில் பெரிய திரையொன்றில் கோப்பு ஒன்று எழுந்து வருவதை மக்களுக்குக் காட்ட வேண்டுமென்றும், அக்கோப்பு தமக்கு வழங்கப்பட்ட பாராட்டு மடலாக இருத்தல் சிறப்பென்றும் தலைவர் விரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் தனியே அமர்ந்து, நாகேந்திரன் விண்ணப்பம் ஒன்றை அனுப்பினார். பாராட்டு மடலுக்கு அனுப்ப மறந்துவிட்டார். அவர் மறதிக்காரர் அல்லர்.

விழா நடந்தது. குத்துவிளக்கேற்றினர். காப்பானுக்குப் பொன்னாடை போர்த்தினர். கணினியின் காற்றுத்துளை அடைபட்டுச் சூடேறவே பின்னர் அதை எடுத்தனர். எட்டுப் பேர் உரையாற்றினர். ஒருவர் ஆவணமும் ஆன்மாவும் என்பது குறித்துப் பேசினார். நாற்காலிகளுக்குப் பின்னால், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சுஐபு நின்றார். பிறகு அடுத்த காலுக்குப் போனார். பிறகு முதற்காலுக்குத் திரும்பினார். கைப்பேசியை எடுத்து மணி பார்த்தார்; மடியில் வைத்தார்; வைத்தவுடன் மீண்டும் எடுத்தார். ஐந்தேகால். ஐந்தரை. ஐந்தேமுக்கால்.

ஐந்து ஐம்பதுக்குத் தலைவரும் துணைத்தலைவரும் தத்தம் பாதியை உள்ளிட்டனர். திரையில், சுவரளவு பெரிதாய், தொண்டி சுஐபின் விசைப்படகுப் பதிவுச் சான்று தோன்றியது.

"இது என் மடல் இல்லையே," என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஒலிபெருக்கி அதனையும் ஒலித்தது.

"எழுந்தது இது ஒண்ணுதான் சார்," என்றார் நாகேந்திரன்.

தலைவர் ஒரு கணம் திகைத்தார், மறுகணம் சமாளித்தார். திரைக்கு முன்னால் வந்து நின்று, இரு கைகளையும் விரித்து, "பாருங்கள்! ஓர் ஏழை மீனவரின் சான்று!" என்று தொடங்கினார். படியை எவர்க்கும் கொடுக்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது. விழாவிற் பார்க்கக் கூடாது என்று விதியில்லை. சுஐபு நாற்காலிகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்தினார். பெயர் தெரிந்தது. இயந்திர எண் தெரிந்தது. முத்திரை தெரிந்தது. படகின் பதிவெண் இருக்கவேண்டிய இடத்தில் தலைவரின் தலை இருந்தது.

"அய்யா! தலையக் கொஞ்சம் இறக்குங்க!"

படமெடுப்பவர் ஒருவர் தம்மை நோக்கி ஆர்வமாகக் குரலெழுப்புவதைத் தலைவர் கவனித்தார். மார்பை நிமிர்த்தித் தலையை இன்னும் சற்று உயர்த்தினார்.

"அய்யா, நகருங்கய்யா! நம்பர் தெரியல! ஆறு மணியாகப் போகுது!"

"ஆறாண்டுகள்!" என்றார் தலைவர், அக்குரலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு. "ஆறாண்டுகளாக இந்தத் தருணத்துக்காக நான் நகராமல் நின்றேன். இனியும் நகரேன்!"

கைதட்டல் எழுந்தது. சுஐபு இடப்புறம் ஓடினார். தலைவர் இடப்புறக் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். வலப்புறம் ஓடினார், தலைவர் வலப்புறத்தையும் புறக்கணிக்கவில்லை. நாகேந்திரன் கோப்பைத் திரையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பதிவெண் மேலேறியபோது தலைவர் கையை உயர்த்தினார், கீழிறங்கியபோது வணங்கினார். சுஐபு விடாமல் படமெடுத்துக்கொண்டேயிருந்தார். மணி ஆறடித்தது. திரையில் இருந்த சான்று மறைந்து, 'தங்கள் ஆவணம் பத்திரமாக உள்ளது' என்னும் வரி ஒளிர்ந்தது. நாட்டுப்பண்ணுக்காக எல்லாரும் எழுந்து நின்றனர்.

மறுநாள் காலை தொண்டிக் கடற்கரையில் படகாய்வு. ஆய்வுக் குழுவின் அலுவலர் தங்கப்பாண்டி சுஐபின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தொரு படங்கள். எல்லாவற்றிலும் தலைவர்.

"பேரு சரி. இஞ்சின் நம்பர் சரி. படகு நம்பர் எங்க பாய்?"

"அந்த அய்யா தலைக்குப் பின்னால இருக்கு சார்."

"இவரு யாரு?"

"வாரியத் தலைவரு."

தங்கப்பாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். படகைப் பார்த்தார், அதன் பக்கத்தில் பதிவெண் கையகல எழுத்தில் தீட்டியிருந்தது. படத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஆறு பேர் வேலையில்லாமல் நின்றிருந்ததையும் பார்த்தார்.

"நகல்னா யாராவது அதிகாரி கையெழுத்துப் போட்டு அத்தாட்சி பண்ணிருக்கணும். அதான் சட்டம்," என்றார்.

சுஐபின் கால்கள் மணலில் நடக்கத் தொடங்கின.

"நில்லுங்க பாய். எங்க ஓடுறீங்க? இங்க அதிகாரியே நகலோட வந்து நிக்கிறாரு. கையெழுத்துப் போட்டவன் நாளைக்கு நான் இல்லைம்பான். இவரு இல்லைன்னு சொல்ல முடியுமா? நாப்பத்தொரு தடவ நிக்கிறாரே!" என்று சொல்லித் தங்கப்பாண்டி பதிவேட்டில் ஒப்பமிட்டார். பின்பு, "இந்தப் படத்தப் பத்திரமா வாரியத்துல ஒப்படைச்சிருங்க," என்றார்.

"நீங்க என்னையப் படகோட கடல்ல தள்ளுங்க சார், போறேன். இத மட்டும் அங்கன குடுக்க மாட்டேன்."

ஜூன் பதினைந்தாம் நாள் படகு கடலேறியது.

பத்து நாள் கழித்து நாகேந்திரனின் ஒப்பந்தம் நிறைவுற்றது. பணிநிறைவுச் சான்று கணினியில் ஆயத்தமாகித் தலைவரின் மின்கையெழுத்தும் பெற்றது. கையெழுத்தானது மாலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு. அதனை அச்சிடப் பானுப்பிரியா அச்சுப்பொறிக்குத் தாள் எடுத்துவர எழுந்து போனார். திரும்பி வந்து கணினியைப் பார்த்தவர், நாகேந்திரனைப் பார்க்கவில்லை.

"சொல்லாதீங்க மேடம்," என்றார் நாகேந்திரன். "எனக்குத் தெரியும்." அவர் பையை எடுத்துக்கொண்டு, தொண்டிப் பேருந்து எந்நேரம் என்று மட்டும் கேட்டார்.

தொண்டியில் சுஐபு, நாற்பத்தொரு படங்களுள் நல்லதொன்றைத் தேர்ந்து, பெரிதாக அச்சிட்டு, நெகிழியுறை போட்டுப் படகின் சுக்கான் அறையில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அசல், நகல், அத்தாட்சி எல்லாம் இனி அது ஒன்றுதான். நாகேந்திரன் போய்ச் சேர்ந்தபோது, புதிதாய் வேலைக்குச் சேர்ந்த காஜா நவாஸ் அந்தப் படத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தார்.

"சுஐபண்ணே, நம்ம படகு சான்றுல இது யாரு, நம்பர மறைச்சுக்கிட்டு?"

"சான்றப் பாதுகாக்கிறவரு."

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

சுஐபு நாகேந்திரனைப் பார்த்தார். நாகேந்திரன் சுஐபைப் பார்த்தார்.

"சொல்லிப் பாத்தாச்சுப்பா," என்றார் சுஐபு. "நீ கயித்த அவுத்து விடு."